மஞ்சள் கறை உள்ள பிரதி

1

‘பிரிக்கப்படாதது. ஆயிரம் பிரதிகளில் ஒன்று. உறையின் மேல்மூலையில் சிறு மஞ்சள் கறை. மற்றபடி புத்தம் புதியது.’

பழைய பொருட்கள் விற்கும் ஓர் இணையதளத்தில் இந்த அறிவிப்பை என் மகள் யாழினி போன ஆவணி மாதம் காட்டினாள். கூடவே நான்கு புகைப்படங்கள். நான்காவதில் அந்தக் கறையைப் பெரிதாக்கி எடுத்திருந்தார்கள். கறை இருப்பதற்காக விலையில் கொஞ்சம் குறைத்திருப்பதாகவும் எழுதியிருந்தது. குறைத்த பிறகும் அது என் ஒரு மாதச் சம்பளத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அந்தக் கறை என் கட்டைவிரல். நான்கு வருடத்துக்கு முன் மஞ்சளைக் குழைத்து நான் வைத்த பொட்டு. குங்குமம் உதிர்ந்துபோய் மஞ்சள் மட்டும் தங்கிவிட்டிருந்தது.

“இது நம்மளுதுதானேப்பா?” என்று யாழினி கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. முதலிலிருந்தே சொல்கிறேன்.

2

என் தங்கை வெண்ணிலா எனக்குப் பதிமூன்று வயது இளையவள். ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் விளையும் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நான் மலையிறங்கி வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கிருந்து தோலுக்கான ரசாயனம் செய்யும் ஒரு கம்பெனி வழியாக ஜெர்மனிக்கு வந்தேன். பதினாறு வருடம் ஆகிறது. அவள் திருப்பத்தூரில் கம்ப்யூட்டர் படித்து, பெங்களூரில் கேம் செய்யும் கம்பெனியில் படம் வரைகிற வேலைக்குப் போனாள். சில வருடத்தில் அதை விட்டுவிட்டு மலைக்கே திரும்பி வந்து, அப்பாவோடு இருந்துகொண்டு, தனி ஆளாக நாலு வருடம் உழைத்து ஒரு கேம் செய்தாள். சிக்னல் வேண்டுமென்றால் மேட்டுக்கு ஏற வேண்டும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் மேட்டுக்கு ஏறுவதைப் பார்த்து, இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு என்று ஊரே சிரித்ததாக அப்பா சொல்வார்.

கேமில் சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. நம்ம மலை, நம்ம காடு, ஒரு சிறுமி, ஒரு பஸ். “நீ மலையெறங்கினதைக்கூட வச்சிருக்கேண்ணா” என்று ஒருமுறை சொன்னாள். நான் அப்போது அலுவலக வாசலில் நின்றிருந்தேன். “சூப்பர்மா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டேன்.

அந்தக் கேம் முதலில் இணையக் கடையில் மட்டும்தான் கிடைத்தது. பணம் கட்டினால் இறக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கையில் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஆனால் இந்தப் பக்கத்து நாடுகளில் சில சின்னக் கம்பெனிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட கேமைக் கருவியில் செருகி விளையாடும் கேசட்டாகப் போட்டு, அழகான பெட்டி, மடித்த வரைபடம் எல்லாம் வைத்து, ஆயிரமே ஆயிரம் அடித்து விற்பார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி அடிக்க மாட்டார்கள். விற்பனை திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். வாங்குகிறவர்களில் பலர் விளையாட வாங்குவதில்லை. உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்து, விலை ஏறியதும் விற்பார்கள். நம் ஊரில் சினிமா டிக்கெட்டை பிளாக்கில் விற்பார்களே, அதேதான். என்ன ஒன்று, இங்கே படம் முடிந்து வருடக்கணக்கான பிறகும் டிக்கெட்டுக்கு விலை ஏறிக்கொண்டே போகும்.

அப்படி ஒரு கம்பெனி வெண்ணிலாவின் கேமைப் போட்டது. செய்தவள் என்ற முறையில் அவளுக்கு இரண்டு பிரதிகள் கொடுத்தார்கள். ஒன்றை அப்பா வீட்டில் வைத்துக்கொண்டாள். மற்றொன்றை எனக்கு அனுப்பினாள்.

3

பார்சல் வந்த அன்று நான் செய்த காரியம் எங்கள் மலைக்காரன் மட்டும்தான் செய்வான்.

எங்கள் ஊரில் புதுச்சாமையைக் காளியம்மனுக்குப் படைக்காமல் யாரும் வாயில் வைப்பதில்லை. எவ்வளவு பசியாக இருந்தாலும் சரி, முதல் விளைச்சல் அம்மனுக்குத்தான். இது என் தங்கையின் முதல் விளைச்சல். அடுத்த லீவில் ஊருக்குக் கொண்டுபோய், அம்மன் முன் வைத்து, அவள் கையாலேயே பிரித்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட வேண்டும் என்று முடிவு செய்தேன். மஞ்சள் குங்குமம் வைத்து, பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் நிறுத்தினேன்.

எண்ணம் நல்ல எண்ணம்தான். லீவுதான் வரவில்லை. ஒரு வருடம் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்த காகிதம் திரும்பி வரவில்லை, நாட்டை விட்டு நகர முடியாது என்றார்கள். அடுத்த வருடம் என் மனைவி செல்விக்கு முதுகில் அறுவை சிகிச்சை. அதற்கடுத்த வருடம் யாழினி கோடை விடுமுறைக்குத் தோழிகளோடு கடற்கரைக்குப் போக வேண்டும் என்றாள். மலையில் வைஃபை இல்லை என்பது அவளுடைய வாதம். காலை ஆறரை ரயில், ஆய்வகம், மாலை ஐந்தே கால் ரயில், கடையில் ரொட்டி, வீடு. ஜவ்வாது மலை எங்கேயும் ஓடிப்போகாது என்று நானும் இருந்துவிட்டேன்.

வெண்ணிலா மட்டும் ஒவ்வொரு போனிலும் கேட்பாள்.

“அண்ணா, பிரிச்சியா?”

“நாளைக்கிப் பிரிக்கிறேம்மா.”

அம்மன் முன் வைக்கப்போகிறேன் என்று சொன்னால், எப்போ வர்றே என்று கேட்பாள். டிக்கெட்டே போடாதவன் என்ன பதில் சொல்வது? ஒரு நாள் அவள் மறுபடி கேட்டபோது வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டது.

“பிரிச்சேம்மா. வெளாடியே முடிச்சிட்டேன். பிரமாதம்.”

“நெஜமாவாண்ணா?” குரலே மாறிவிட்டது அவளுக்கு. “கடைசி வரைக்கும் போனியா? கடைசில பஸ் வந்துச்சே, இன்னா பண்ணே நீ?”

நான் மலையிறங்கிய கதை என்று அவள் சொன்னது நினைவில் இருந்தது. பஸ், அண்ணன், மலையிறக்கம். மீதியை ஊகித்துக்கொண்டேன்.

“ஏறலம்மா. உன்னை வுட்டுட்டு எப்படி ஏறுவேன்?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இல்லை, இருந்தது. நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

“சரிண்ணா” என்றாள். “சாப்ட்டியா?”

அதற்குப் பிறகு அவள் அந்தக் கேமைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை.

4

போன வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் நான்கு நாள் காய்ச்சலில் வெண்ணிலா இறந்துபோனாள். முப்பத்துமூன்று வயது. மலையிலிருந்து இறக்கித் திருப்பத்தூர் கொண்டுவந்து, அங்கிருந்து வேலூர் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

செய்தி வந்தபோது நான் ஆய்வகத்தில் இருந்தேன். மேலாளரிடம் போய்ச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் ஜெர்மன் பேசியும் அந்த நேரத்தில் சரியான சொல் வரவில்லை. வாழ்க்கை முழுக்க விசா அலுவலகக் கடிதங்களைப் படித்துப் படித்து, ‘காலாவதியாகிவிட்டது’ என்ற சொல்தான் வாயில் வந்தது. என் தங்கை காலாவதியாகிவிட்டாள் என்றேன். அவர் தங்கையின் விசா விஷயம் என்று நினைத்துக்கொண்டு, மூன்றாம் மாடியில் அதற்கென்று ஒருவர் இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்றார். நானும் நன்றி சொல்லிவிட்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். அங்கே நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். மலையில் ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்றார்கள். நான் மண்ணைத்தான் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

“வெண்ணிலா பண்ண கேமு ஒரு டப்பா இருந்துச்சேப்பா, அது எங்க?”

“அத அவகூடவே வச்சிட்டோம்பா” என்றார். “அவ பொருளு, அவளே எடுத்துனு போவட்டும்னு தலமாட்டுல வச்சிட்டேன். சீப்பு, வளையலு, அந்த டப்பா. ஏன், உனுக்கு வேணுமா?”

வேண்டாம் என்றேன். அது எங்கள் வழக்கம். அப்பாவின்மேல் குற்றமே இல்லை. அதுவும் போக, எனக்கென்று ஒன்று முருகன் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறதே என்று அப்போது நினைத்தேன்.

“அவ லேப்டாப்பு?”

அப்பா எழுந்துபோய், துண்டில் சுற்றி வைத்திருந்ததைக் கொண்டுவந்தார். முகத்தில் ஒரு திருப்தி. “இன்னாமோ நம்பர் கேட்டுனே இருந்திச்சி. தொறக்கவே இல்ல. நீ வர்றதுக்கு மொத நாளு பக்கத்து வூட்டுக்காரரு கீழ போவசொல்ல குடுத்து வுட்டேன். கடைல சரி பண்ணிக் குடுத்துட்டாங்க. இப்ப நல்லா தொறக்குது, பாரு.”

திறந்தது. நீலத் திரை. அதில் ஒன்றுமே இல்லை. கடையில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். நாலு வருட உழைப்பு, அவள் பதிவு செய்த குரல்கள், வரைந்த மரங்கள், எல்லாம் போய்விட்டன. நான் ஊரில் இறங்குவதற்கு ஒரு நாள் முன்பு.

“நல்லா தொறக்குதுப்பா” என்றேன்.

5

திரும்பி வந்து, பயணப் பெட்டியைக்கூடத் திறக்காமல் பூஜை அலமாரிக்குப் போனேன். முருகன் படத்தை நகர்த்தினேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

செல்விக்குத் தெரியவில்லை. யாழினி தன் அறை வாசலில் நின்றாள். பதினாறு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிற பிள்ளை, அன்று தமிழில் பேசினாள். அதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“நான்தான் வித்துட்டேன்பா. கோடையில. ஒரு இசை நிகழ்ச்சிக்குக் காசு வேணும்னு... நீங்க தொடவே இல்லையேப்பா. மூணு வருஷம். உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன்.”

வாங்கியவன் மஞ்சள் கறையைக் காட்டிப் பேரம் பேசி அடிமாட்டு விலைக்கு வாங்கியிருக்கிறான். அதையும் விம்மிக்கொண்டே சொன்னாள்.

கத்தினேன். கையில் கிடைத்த சாவிக்கொத்தைச் சுவரில் விட்டெறிந்தேன். இந்த நாட்டில் பிள்ளை வளர்த்த லட்சணம் இதுதான் என்று செல்வியையும் சேர்த்துப் பேசினேன். பேசி முடித்த பிறகு யோசித்தேன். படத்துக்குப் பின்னால் அந்தப் பெட்டி இல்லை என்பது மாதக்கணக்கில் எனக்குத் தெரியவில்லை. தினமும் காலையில் அதன் முன்னால் நின்றுதான் விபூதி பூசிக்கொண்டேன். பிள்ளை சொன்னதில் என்ன தப்பு? தொடவே இல்லையே.

6

கேசட் போனால் என்ன, இணையக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று தேடினேன். அங்கேயும் இல்லை. வெண்ணிலா இறப்பதற்குச் சில மாதம் முன்பே அவளுடைய வங்கிக் கணக்கு மாறியதில் ஏதோ படிவம் நிரப்பவேண்டி இருந்திருக்கிறது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறாள். விற்பனை நின்றுவிட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்னும் இறக்கிக்கொள்ளலாம். நான் வாங்கியவன் இல்லை. என்னிடம்தான் கேசட் இருந்ததே!

அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே வியாதி, அடுத்த மாதம்.

கடைக்காரர்களுக்கு எழுதினேன். கணக்கின் சொந்தக்காரர் இறந்துவிட்டார், நான் அண்ணன், கேமைத் திரும்ப விற்பனைக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்? இணையப் படிவத்தில் கணக்கின் பெயர் என்ற இடத்தில் அவள் பெயரைத்தான் போட முடிந்தது. இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

‘அன்புள்ள வெண்ணிலா, உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த வருத்தம். கணக்கை மீட்க உங்கள் பதிவு செய்யப்பட்ட கைபேசிக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம்.’

அந்தக் கைபேசியும் தலைமாட்டில் இருக்கிறதோ என்னவோ, அப்பாவிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு மனிதர்களே பதில் எழுதினார்கள். வாரிசு சான்றிதழ் கேட்டார்கள். அப்பா வாங்கி அனுப்பினார். அதை மொழிபெயர்த்து முத்திரை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். கடைசியில், அசல் கோப்புகள் இல்லாமல் புதிய ஒப்பந்தம் போட முடியாது, மன்னிக்கவும் என்று எழுதினார்கள். மரியாதையான கடிதம்தான். அசல் கோப்புகள் நீலத் திரையாகி ஏழு மாதம் ஆகியிருந்தது.

இதற்கிடையில் கேசட்டின் விலை ஏறிக்கொண்டே போனது. செய்தவள் இறந்துவிட்டாள் என்ற செய்தி பரவியதும் ஒரே வாரத்தில் மூன்று மடங்கு ஆனது. எங்கள் வீட்டுச் சாவு யாருக்கோ லாபமாகிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் கேமை நகலெடுத்துத் திருட்டுத்தனமாகப் போட்டிருக்கிறார், இறக்கித் தரட்டுமா என்று யாழினி தயங்கித் தயங்கிக் கேட்டாள். இரண்டு நாள் யோசித்தேன். தப்பு என்பதற்காக இல்லை. அம்மன் முன் வைக்க ஒரு பொருள் வேண்டும். திரையில் மட்டும் ஓடுகிற ஒன்றை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

அதன் பிறகு அவளே தினமும் பள்ளி முடிந்து வந்ததும் விற்பனைத் தளங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் சொல்லவில்லை. பத்து மாதம் பார்த்தாள். அப்படித்தான் அந்த மஞ்சள் கறையைக் கண்டுபிடித்தாள்.

7

விற்பவர் ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், அடக்கமான மனிதர். காபி கொடுத்தார். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதில் பிரிக்காத கேம்கள் அடுக்கடுக்காக நின்றன. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு எங்கள் பிரதியை எடுத்து மேசையில் வைத்தார்.

“இது என்ன கறை என்று தெரியவில்லை. எவ்வளவு துடைத்தும் போகவில்லை” என்றார்.

“மஞ்சள். போகாது” என்றேன்.

சேகரிப்புக்கா என்று கேட்டார். இல்லை, விளையாட என்றேன். முகம் வாடிவிட்டது. “பிரித்துவிட்டால் அதற்குப் பிறகு இது வெறும் விளையாட்டு” என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். பிறகு நான் செலவு செய்வதைப் பார்த்துப் பரிதாபப்பட்டோ என்னவோ, இதன் மதிப்பை எனக்கு விளக்கினார். இதைச் செய்தது ஓர் இந்தியப் பெண், இறந்துவிட்டார், இணையத்திலும் எடுத்துவிட்டார்கள், இனி ஒன்றுகூட வராது, அதனால்தான் இந்த விலை.

“எனக்குத் தெரியும்” என்றேன். யாழினி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும் ரயிலில் அந்த ஆளைத் திட்ட வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கினேன். ஒன்றும் நிற்கவில்லை. காரணம் இருக்கிறது.

திருப்பத்தூரில் படிக்கும்போது நானே பிளாக்கில் டிக்கெட் விற்றவன். ஒரு தீபாவளிக்கு வெண்ணிலா முதல்முறையாக என்னோடு மலையிறங்கி வந்தாள். எட்டு வயது. சினிமா பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்று இரண்டு டிக்கெட் வாங்கினேன். வெளியே வந்தால் கூட்டம் அலைமோதுகிறது, ஒருவர் மூன்று மடங்கு தருகிறேன் என்கிறார். நான் அவளைப் பார்த்தேன். “அடுத்த ஆட்டம் போலாம்மா” என்றேன். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. தியேட்டரின் பக்கச் சுவரில் காதை வைத்துப் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றாள். போலாமா என்று கேட்டதும், “சரிண்ணா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவளுக்கு வாங்கிய டிக்கெட்டை விற்ற நான், கையுறை மாட்டிய மனிதரை எந்த வாயால் திட்டுவது?

8

வெண்ணிலாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு ஊருக்குப் போனோம். செல்விக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் யாழினியும், யாழினியின் கையடக்க கேம் கருவியும்.

அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னாடா, அங்க இருந்து இத்தையா எடுத்தாந்தே? இதே மாதிரிதான் ஒண்ணு...” என்று நிறுத்திக்கொண்டார்.

காளியம்மன் முன் வைத்தோம். பூசாரி கற்பூரம் காட்டினார். உறையைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. யாழினி தன் நகத்தால் கிழித்தாள். கண்ணாடி பேப்பர் சரசரவென்று ஒரு சத்தத்தோடு வந்துவிட்டது. ஒரு மாதச் சம்பளமும் அந்தச் சத்தத்தோடு போனது. எனக்கு வருத்தமே இல்லை. உள்ளே ஒரு வரைபடம். மலை முழுக்க வெண்ணிலா கையால் வரைந்தது. எந்த ஊருக்கும் பெயர் எழுதவில்லை. இரண்டே இடத்தில்தான் எழுத்து. ஓர் இடத்தில் ‘வூடு’. இன்னோர் இடத்தில் ‘பஸ்’.

வீட்டு வாசலில் உட்கார்ந்து யாழினி விளையாட, நானும் அப்பாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தோம். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். சிறுமி புளியமரத்தடியில் ஓடுகிறாள், ஆட்டைத் தேடுகிறாள், ஒரு தடவை கீழே டவுனுக்குப் போகிறாள். டவுனில் ஒரு தியேட்டர். டிக்கெட் கவுண்டரில் எத்தனை முறை கேட்டாலும் ‘முடிஞ்சி போச்சு’ என்ற பதில்தான் வருகிறது. பக்கச் சுவர் அருகே நிறுத்தினால் உள்ளேயிருந்து பாட்டு கேட்கிறது. “இது ரொம்ப அழகா இருக்குப்பா, ஏன் இங்க மட்டும் பாட்டு?” என்று யாழினி கேட்டாள். தெரியலம்மா என்றேன்.

கேமில் பொழுது சாய்ந்தது. சிறுமி வீட்டைவிட்டுத் தூரமாகப் போனதும் ஒரு குரல் வந்தது.

“ஏ வெண்ணிலா... பொழுது பூடுச்சி, வூட்டுக்கு வா...”

அப்பா நிமிர்ந்தார். “இது நானு” என்றார். “மேட்டுல நின்னு கூப்புடச் சொன்னா. எதுக்கும்மான்னேன். சும்மா கூப்புடுப்பான்னா.” கொஞ்சம் கழித்து, “இன்னொருவாட்டி போடும்மா” என்றார். யாழினி சிறுமியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடி தூரமாக ஓடவிட்டாள். மறுபடி அப்பாவின் குரல் கூப்பிட்டது. ஏழெட்டு முறை அப்படிச் செய்தாள். பிறகு அப்பா, மாட்டை அவிழ்த்துக் கட்டணும் என்று எழுந்து போனார். மாடு அவிழ்க்க நேரமாகவில்லை.

மறுநாள் மதியம் கடைசிக் கட்டம் வந்தது. பஸ் நிற்கிறது. ஜன்னலோரம் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். மடியில் துணிப்பை. பின்மண்டை மட்டும்தான் தெரிகிறது. நான் கருவியை என் கையில் வாங்கிக்கொண்டேன். எந்தப் பொத்தான் என்று யாழினி காட்டினாள். பஸ்ஸின் படியருகே போய் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினேன்.

“இதுல எப்படிம்மா ஏறுறது?”

“ஏற முடியாதுப்பா.” யாழினி என்னைப் பார்த்தாள். “நீங்க அவரு இல்ல. நீங்க இந்தப் பொண்ணு. அத்தைதான் நீங்க.”

பஸ் கிளம்பியது. சிறுமி பின்னாலேயே ஓடினாள். பொத்தானை அழுத்தினால் அவள் கூப்பிடுகிறாள். வெண்ணிலாவின் குரல்தான், பிள்ளைக் குரலாக மாற்றியிருந்தாள். “அண்ணோவ்!” அழுத்த அழுத்தக் கூப்பிட்டாள். ஜன்னலோரம் இருந்தவன் திரும்பவில்லை.

அப்பா மாட்டுக் கயிற்றோடு பின்னால் வந்து நின்றிருந்தது எனக்குத் தெரியாது. “ஆமா, நீ வாணியம்பாடி போன அன்னிக்கி அந்த வளைவு வரைக்கும் ஓடிச்சு” என்றார். “தடுக்கி வுழுந்து முட்டியெல்லாம் ரத்தம். உனுக்குத் தெரியாதா?”

தெரியாது. இருபத்துநான்கு வருடமாகத் தெரியாது. நான் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏறலம்மா, உன்னை வுட்டுட்டு எப்படி ஏறுவேன் என்று போனில் சொன்னேனே, அந்த ஒரு வார்த்தையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். அண்ணன் பிரிக்கவே இல்லை, இந்தக் கேமில் தான் யார் என்றுகூட அவனுக்குத் தெரியாது என்று. என்னைப் பொய்யன் என்று திட்டியிருக்கலாம். போனை வைத்திருக்கலாம். சாப்ட்டியா என்று கேட்டாள். சாப்ட்டேம்மா என்று நானும் சொன்னேன்.

பஸ் வளைவில் சின்னதாகிவிட்டது. “நீங்க கையை எடுத்தாத்தான்பா கேம் முடியும்” என்றாள் யாழினி.

நான் கையை எடுக்கவில்லை.